உப்பில் மூலக்கூறு இல்லை

நம் ஒன்பதாவது ‘பி’ செக்‌ஷன் வாட்ஸப் குழுவில் போன மாதம் ஓடிய பேச்சு உங்களுக்கு நினைவிருக்கும். நம்மில் டீச்சராகிவிட்ட ஒருத்தி தன் வகுப்புக் கரும்பலகையைப் படமெடுத்துப் போட்டாள். அதில் தண்ணீர் மூலக்கூறு வரைந்திருந்தது. உடனே ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டீர்கள். நமக்கு ஒரு மிஸ் வந்தார்களே, மரத்தடியில் நிற்கவைத்துக் கை கோக்கச் சொல்வார்களே, அதை ஏன் திடீரென்று நிறுத்திவிட்டார்கள் என்று ஒருத்தி கேட்டாள். வெயிலில் யாரோ மயங்கி விழுந்ததால் என்றாள் இன்னொருத்தி. தலைமையாசிரியைக்குப் பிடிக்கவில்லை என்று நாலைந்து பேர் சொன்னீர்கள். நான் பதில் தட்டி, அழித்து, மறுபடி தட்டி, கடைசியில் ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

யாரும் மயங்கி விழவில்லை. தலைமையாசிரியையும் தானாக நிறுத்தவில்லை. நிறுத்தியது எங்கள் வீடு. நம்மில் சிலருக்குக் காதோரம் முதல் நரைகூடத் தெரிய ஆரம்பித்துவிட்டது. இனியும் இதை வாய்க்குள்ளேயே வைத்திருப்பதில் அர்த்தமில்லை.

அது புயலுக்கு அடுத்த வருடம். நம் நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பில் பாதி மரங்கள் விழுந்து, நம் தெருக்களில் முதல்முறையாக வெயில் நேராகத் தரையில் இறங்கிய வருடம். பண்ருட்டிப் பக்கமிருந்து சைக்கிளில் பலாப்பழம் கட்டிக்கொண்டு குவார்ட்டர்ஸ் வாசலில் மணி அடிப்பவர்கள் அந்தக் கோடையில் வரவேயில்லை. வெளியே கிராமங்களில் நாளின் பாதி நேரம் கரண்ட் இருக்காது. நமக்கு மட்டும் ஃபேன் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. மின்சாரம் நம் ஊரில்தான் தயாராகிறது, அதனால் நமக்கு உண்டு என்று நினைத்துக்கொண்டோம். சுரங்கத்தின் மதிலை ஒட்டியே இருந்த ஊர்களுக்கும் அது அவர்கள் ஊரில்தான் தயாராகிறது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

பள்ளி திறந்தபோது நம் கெமிஸ்ட்ரி டீச்சர் பிரசவ விடுப்பில் இருந்தார். ஒரு மாதம் வரை யார் யாரோ வந்து உட்கார்ந்து நம்மை அமைதியாக இருக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். பிறகு இந்த மிஸ் வந்தார். தற்காலிகமாக, மூன்று மாதத்துக்கு. இருபத்துமூன்று, இருபத்துநாலு வயதுதான் இருக்கும். வடலூரைத் தாண்டி ஒரு கிராமம். பஸ்ஸில் வந்து டவுன்ஷிப் முகப்பு ஆர்ச்சில் இறங்கி, பள்ளிவரை நடந்து வருவார். கையில் ஒரு பச்சை ஒயர்கூடை. கஞ்சி போட்ட பருத்திப் புடவையின் கீழ்க்கரை, பள்ளிக்கு வந்து சேர்வதற்குள் பழுப்பாகியிருக்கும்.

முதல் நாள் அவர் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியமே, “ஏன் பேசிகினு இருக்கீங்க, புக்கை எடுங்க” என்பதுதான். வகுப்பே சிரித்தது. நானும்தான். எல்லா ஜில்லாவிலிருந்தும் வந்து சேர்ந்த குடும்பங்கள் நாம். நம் பேச்சு எல்லாம் கலந்து, எந்த ஊருக்கும் சொந்தமில்லாமல் வழவழவென்று ஆகியிருந்தது. அதைத்தான் சரியான தமிழ் என்று நினைத்திருந்தோம். மிஸ் “பேசிக்கொண்டு” என்று திருத்திச் சொன்னார். கால்மணி நேரத்தில் மறுபடியும் “எழுதிகினு” வந்துவிட்டது. அதற்குப்பின் அவர் திருத்திக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் நான் வீட்டில் அதை நடித்துக் காட்டினேன். அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். என்னுடைய எதற்கும் அவர் அப்படிச் சிரித்ததில்லை. அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டியிருந்தது. அப்பாவும் தெற்குச் சீமைக்காரர், கோபம் வந்தால் “சொல்லுதாங்க, வருதாங்க” என்றுதான் பேசுவார் என்பது எங்கள் இருவருக்குமே அப்போது ஞாபகம் வரவில்லை.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அனல்மின் நிலையத்தின் ஆய்வகத்தில் அவர் கெமிஸ்ட். பாய்லருக்குள் போகிற தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று ஒவ்வொரு ஷிப்டிலும் சோதிப்பதுதான் வேலை. எதையும் ஏறக்குறைய என்று சொல்ல மாட்டார். அம்மா பால் அளந்து ஊற்றினால்கூடக் குனிந்து, கண்ணை அளவுக்கோட்டுக்கு நேராக வைத்துப் பார்ப்பார். கல்லூரியில் கெமிஸ்ட்ரி வாத்தியாராக வேண்டும் என்பது அவருடைய ஆசையாக இருந்ததாம். தாத்தா இறந்துபோக, படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்கு வந்துவிட்டார். இதை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

என் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளை உங்களுக்குத் தெரியும். சுரங்க மதிலுக்கு அந்தப்பக்கத்து ஊர்க்காரி. அவள் அப்பா மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. அவளுடைய அக்கா ஒன்பதாவதில் பெயிலாகி நின்றவள்; பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கப் போய்க்கொண்டிருந்தாள். முந்திரி ஓட்டின் பால் பட்டு அந்த அக்காவின் விரல் நுனிகள் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். என் தோழிக்குக் கெமிஸ்ட்ரி என்றால் பயம். பெயிலானால் அடுத்த நாளே அக்காவுடன் அனுப்பிவிடுவார்கள் என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். அழாமல், பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள்.

மூலக்கூறு பாடம் ஆரம்பித்த நாளை மறக்க முடியாது. மூலக்கூறு என்றால் என்ன என்று மிஸ் கேட்டதும், நாம் எல்லோரும் புத்தகத்தில் இருந்ததை ஒரே குரலில் ஒப்பித்தோம். மிஸ் கேட்டு முடித்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரை மேஜையில் வைத்தார். இதில் பாதியைக் கொட்டினால் மீதி என்ன என்றார். தண்ணீர் என்றோம். அதில் பாதி? தண்ணீர். அதிலும் பாதி? இப்படியே பாதி பாதியாகக் கொட்டிக்கொண்டே போனால் கடைசியில் என்ன மிஞ்சும் என்று என் தோழியைப் பார்த்துக் கேட்டார். அவள் எழுந்து, நெடுநேரம் யோசித்து, “ஈரம் மட்டும் இருக்கும் மிஸ்” என்றாள். நாம் சிரித்தோம். மிஸ் சிரிக்கவில்லை. அந்த ஈரத்தையும் பாதியாக்கு என்றார். அதற்கும் பாதி. இனிமேல் பாதியாக்கினால் அது தண்ணீராகவே இருக்காது, வேறு ஏதோ ஆகிவிடும் என்கிற ஒரு கடைசித் துளி இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாதது, அதுதான் மூலக்கூறு என்றார். அதை உடைத்தால் என்ன வரும் என்று பார்க்கலாம் வாருங்கள் என்று நம்மை மரத்தடிக்குக் கூட்டிப்போனார்.

பாதிக் கிளை முறிந்து, முறிந்த இடத்தில் புதுத் துளிர் விட்டுக்கொண்டிருந்த அந்தப் புங்கமரம். மிஸ் ஒயர்கூடையிலிருந்து தையல்கடை வெட்டுத்துணிகளை எடுத்தார். வெள்ளைத் துணியை மணிக்கட்டில் கட்டியவர்கள் ஹைட்ரஜன், ஒரே கைதான், மற்றதை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும். சிவப்புத் துணி ஆக்சிஜன், இரண்டு கை. கறுப்பு கார்பன், நாலு கை. அதற்கு இரண்டுபேர் முதுகோடு முதுகு ஒட்டி நிற்க வேண்டும். எந்தக் கையும் சும்மா தொங்கக் கூடாது. ஒரு விசில். அவ்வளவுதான், ஓடினோம், பிடித்தோம், இழுத்தோம். இரண்டு வெள்ளை ஒரு சிவப்போடு சேர்ந்தது தண்ணீர். கையைக் கட்டிக்கொண்டு யாரோடும் சேராமல் நிற்க ஒருத்தி வேண்டும் என்றபோது, நம்மில் யார் முன்னால் வந்தாள், அதற்குப்பின் பள்ளி முடியும்வரை அவளை ஹீலியம் என்றே கூப்பிட்டோம் என்பது அவளுக்கே ஞாபகமிருக்கும்.

பிறகு மீத்தேனை எரித்துக் காட்டினார். கார்பனாக நின்ற இரண்டுபேர் நாலு வெள்ளையைப் பிடித்திருந்தார்கள். இரண்டு ஜோடி சிவப்பு வந்தது. விசில் ஊதியதும் எல்லாக் கையும் விட்டு, வேறு கை பிடித்தது. கார்பன் இரண்டு சிவப்பைப் பிடித்துக்கொண்டது. வெள்ளைகள் மற்ற இரண்டு சிவப்போடு போய்த் தண்ணீரானார்கள். முன்னே எத்தனைபேர் இருந்தீர்கள், இப்போது எத்தனைபேர், யாராவது காணாமல் போனீர்களா என்று மிஸ் கேட்டார். பத்துப் பேர்தான் இருந்தோம். அன்றுவரை எனக்கு எரிவது என்றால் இல்லாமல் போவது. வீட்டுக்குப் போகும்போது அனல்மின் நிலையப் புகைபோக்கியைப் பார்த்து, இல்லாமல் போகாமல் அது எங்கெல்லாம் போகிறது என்று நினைத்தேன். என் தோழி அன்று கார்பனில் ஒரு பாதி. வகுப்புக்குத் திரும்பியதும் மீத்தேன், அம்மோனியா, கார்பன் டை ஆக்சைடு எல்லாவற்றையும் யாரையும் பார்க்காமல் நோட்டில் வரைந்தாள்.

மறுவாரம் நான் நோட்டில் கை வைத்த அணுக்களை வரைந்துகொண்டிருந்தபோது அப்பா பார்த்தார். என்ன இது என்று கேட்டார். சொன்னேன். “அணுவுக்கு ஏது கை?” என்றார். எலக்ட்ரான் ஜோடி, பகிர்வு என்று சொல்லித்தர வேண்டியதை இப்படிக் கும்மி அடித்துச் சொல்லித்தருகிறார்களா என்றார். அவர் முகத்தில் ஆர்வம் தெரிந்தது. என் படிப்பைப் பற்றி அவர் நின்று கேட்டது அதுதான் முதல் தடவை. அதனால் இன்னும் சொன்னேன். வெயிலில் நிற்கவைத்தார்கள் என்றேன். ஒரு பாடத்துக்கு ஒரு வாரம் ஆகிறது என்றேன். கடைசியாக, “உப்புல மூலக்கூறே இல்லைன்னு சொன்னாங்கப்பா” என்றேன்.

அப்பா என் கைடை வாங்கிப் புரட்டினார். சோடியம் குளோரைடின் மூலக்கூறு நிறை கண்டுபிடி என்று அதில் ஒரு கணக்கு இருந்தது. அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “இப்படித் தப்புத்தப்பா சொல்லுதாங்களா?” என்றார். நான் தலையாட்டினேன்.

அன்றே ஒரு கடிதம் எழுதினார். மறுநாள் காலை ஷிப்ட் முடிந்து, நீல யூனிஃபார்மிலேயே வந்து தலைமையாசிரியையிடம் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று குற்றங்கள். அணுக்களைப் பற்றித் தவறான கருத்தை மாணவிகள் மனதில் விதைக்கிறார், பாடவேளையை வெளியில் விளையாட்டாகக் கழிக்கிறார், உப்பில் மூலக்கூறு இல்லை என்று புத்தகத்துக்கு மாறாகச் சொல்கிறார். கீழே பெயர், பதவி, என் பெயர், வகுப்பு.

அதற்கு அடுத்த நாள் தலைமையாசிரியை வந்து நம் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அன்றிலிருந்து மிஸ் கரும்பலகையில் எழுதினார், நாம் நோட்டில் எழுதினோம். வரிக்கு வரி புத்தகம். ஒயர்கூடை வரும், வெட்டுத்துணிகள் வெளியே வராது. நம்மில் யாரோ ஒருத்தி, மரத்தடிக்குப் போகலாமா மிஸ் என்று கேட்டதற்கு, போர்ஷன் முடிக்கணும்மா என்றார். நாலு வாரம் அப்படிப் போனது. என்னிடம் அவர் நடந்துகொண்ட விதத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவருக்குக் கடிதம் யாருடையது என்று தெரியாது என்றே நினைத்துக்கொண்டேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

காலாண்டுத் தேர்வுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை என் தோழி எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். அவள் அதுவரை எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. எண்ணெய் வைத்து அழுந்தப் பின்னிய தலை, மார்போடு அணைத்த நோட்டு. செருப்பை வாசலுக்கு வெளியே, ரோட்டு ஓரத்திலேயே விட்டுவிட்டு வந்தாள். அம்மா அவளுக்கு மோர் கொடுத்தாள். போர்டில் எழுதிப்போட்டது எதுவும் புரியவில்லை என்றாள் என்னிடம். ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவுக்கு அது கேட்டது. இங்கே வாம்மா, நான் சொல்லித்தருகிறேன் என்றார்.

அப்பா உற்சாகமாகிவிட்டார். என் ரஃப் நோட்டில் வட்டத்துக்குள் வட்டமாகப் போட்டு, புள்ளி வைத்து, பெருக்கல் குறி வைத்து, எட்டு எலக்ட்ரான் விதி, ஆற்றல் மட்டம் என்று முக்கால் மணி நேரம் பேசினார். ஒரு சொல்கூடத் தப்பாகச் சொல்லியிருக்க மாட்டார். அவள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினாள். எங்கே, நீ சொல்லு பார்ப்போம் என்றார். அவள் நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்பா மறுபடி முதலிலிருந்து சொன்னார். இந்தமுறை குரல் கொஞ்சம் உயர்ந்தது. அவள் கண் நிறைந்துவிட்டது. அப்பா பேனாவை மூடினார். களைத்துப்போன குரலில், உங்கள் மிஸ் எப்படித்தான் சொன்னார்கள் என்று கேட்டார். அதில் கேலி கொஞ்சம் மிச்சமிருந்தது.

அவள் எழுந்து நின்றாள். என்னையும் எழுப்பி நிறுத்தினாள். என் வலது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிவைத்தாள். அம்மாவைக் கூப்பிட்டு இன்னொரு பக்கம் நிறுத்தினாள். இரண்டு நிமிஷத்தில் தண்ணீர் ஏன் தண்ணீராக இருக்கிறது, அதில் ஏன் மூன்றாவது ஹைட்ரஜனுக்கு இடமில்லை என்று காட்டிவிட்டாள். அம்மாவுக்கே புரிந்துவிட்டது. ஓ, அதுதானா என்றாள். எல்லாம் சரிதான், ஆனால் அணுவுக்குக் கை உண்டா, சொல்லு என்றார் அப்பா.

“இல்ல சார். முதல் நாளே மிஸ் சொன்னாங்க. கைன்றது நெஜமில்ல, உங்களுக்குப் புரியறதுக்காக நானா வெச்சுகினு சொல்றேன், பெரிய கிளாஸ் போனா இதுக்கு வேற பேரு வரும், அப்ப இந்தக் கையை விட்டுடணும்னாங்க.”

அப்பா என் பக்கம் திரும்பினார். நான் தரையைப் பார்த்தேன். மிஸ் அதைச் சொன்னது எனக்கும் தெரியும். என் நோட்டிலேயே எழுதியிருந்தேன்.

“உப்பு?” என்று கேட்டார் அப்பா.

“உப்புல கை கோக்கறதில்ல சார். சோடியம் தங்கிட்ட இருக்கற ஒண்ணைக் குளோரினுக்குக் குடுத்துடும். அப்புறம் ரெண்டும் ஒட்டிகினு நிக்கும். ஆனா ஜோடி ஜோடியா இல்ல. ஒரு சோடியத்துக்கு முன்னாடி பின்னாடி, வலது இடது, மேல கீழன்னு ஆறு குளோரின். ஒவ்வொரு குளோரினுக்கும் ஆறு சோடியம். பிரேயர்ல வரிசையா நிக்கறமே, அந்த மாதிரி போய்கினே இருக்கும். இதுல எது எதோட ஜோடின்னு பிரிக்க முடியாது. அதனால தனியா ஒரு மூலக்கூறுன்னு எடுத்துக் காட்ட முடியாதுன்னாங்க. ஆனா பரீட்சையில கைடுல இருக்கற மாதிரியே கணக்குப் போடுங்க, மார்க்கு போயிடும்னாங்க.”

அப்பா எழுந்து உள்ளே போனார். பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து நான் எட்டிப் பார்த்தபோது, கட்டிலில் உட்கார்ந்து, அட்டை கிழிந்த தன் கல்லூரிப் புத்தகத்தை மடியில் வைத்திருந்தார். அந்தப் பக்கத்தில் உப்புப் படிகத்தின் படம். அதன் கீழே, இதில் தனித்த மூலக்கூறு என்று எதுவும் இல்லை என்கிற வாக்கியத்துக்குப் பென்சிலில் கோடு போட்டிருந்தது. ஸ்கேல் வைத்துப் போட்ட நேர்க்கோடு. அவர் போட்டதுதான்.

“கை நிஜமில்லைன்னு அவங்க சொன்னதை நீ ஏன் எங்கிட்ட சொல்லல?” என்றார்.

“நீங்க கேக்கலப்பா” என்றேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் மெதுவாகத் தலையாட்டினார். ஆமாம், நான் கேட்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அம்மா சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. என் தோழி சாப்பிட்டுவிட்டு, அம்மா கட்டிக்கொடுத்த அப்பளத்தோடு கிளம்பிப் போனாள்.

தேர்வு முடிந்ததும் அப்பா லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனார். தான் கொடுத்த கடிதத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டார். ஃபைலில் போன கடிதத்தை எடுக்க முடியாது என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். மிஸ்ஸின் மூன்று மாதம் காலாண்டோடு முடிகிறது, நீட்டிக்கலாம் என்று முதலில் ஒரு யோசனை இருந்தது, இப்போது இல்லை என்றும் சொன்னார். விடுப்பிலிருந்த டீச்சர் எப்போது திரும்புவார் என்று அப்பா கேட்டதற்கு, ஜனவரி என்று பதில் வந்ததாம். இதையெல்லாம் அப்பா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார்.

சனிக்கிழமை என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு மிஸ் வீட்டைத் தேடிப் போனார். சுரங்கத்து மண்ணைத் தோண்டிக் கொட்டி மலைபோல் ஆகியிருந்த மேட்டைச் சுற்றிக்கொண்டு, வடலூர் தாண்டி, நாலு இடத்தில் விசாரித்துப் போனோம். வழியெல்லாம் முந்திரித் தோப்பாக இருந்த இடங்களில் வெட்டுண்ட அடிமரங்கள் கிடந்தன. மிஸ்ஸின் அம்மாவும் அப்பாவும் அந்தத் தோப்புகளில் கூலி வேலை பார்த்தவர்கள். புயலோடு அந்த வேலை போய்விட்டிருந்தது. மூன்று மாதமாக அந்த வீட்டில் சம்பளம் என்று வந்தது மிஸ்ஸுடையது மட்டும்தான். இது எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. சொன்னதும் மிஸ் இல்லை. அவர் அம்மா, எங்களுக்குப் பாய் விரித்துக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னார்.

மிஸ் கூடத்தில் ஆசிரியர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். அப்பா உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார்.

“நான் எழுதினது தப்பும்மா. நீங்க சொன்னதுதான் சரி. எனக்கே தெரிஞ்ச விஷயத்தை நான் மறந்துபோயிருந்தேன். பிள்ளை சொன்னதை வச்சு, உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம எழுதிட்டேன்.”

மிஸ் கையிலிருந்த புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு, “உங்க லெட்டரால நான் போகல சார். மூணு மாசத்துக்குத்தான் எடுத்தாங்க” என்றார். அப்பாவுக்கு அது ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னது என்று எனக்கே புரிந்தது. பிறகு அவரே, “ஆனா கடைசி நாலு வாரம் பயந்துகினுதான் நடத்துனேன். பயந்துகினு நடத்துனா புள்ளைங்களுக்குப் பாடம் போய்ச் சேராது. அதுதான் எனக்கு வருத்தம்” என்றார்.

அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். அது இரண்டாவது கடிதம். பள்ளிக்கு ஒன்று, மிஸ்ஸுக்கு ஒரு நகல். முந்தின நாள் சாயங்காலம் அதை எழுதியது என் கை. அப்பா சொல்லச்சொல்ல நான் எழுதினேன். தவறில் பாதி உன்னுடையது, எழுத்து உன்னுடையதாக இருக்கட்டும் என்றார். ஆசிரியை கூறியது சரியானது, நான் கூறியது தவறானது, அவரிடம் பயின்ற மாணவி ஒருத்தி எனக்கு விளக்கியதன் மூலம் இதை அறிந்தேன், அவரைப் போன்ற ஆசிரியர் கிடைப்பது மாணவிகளின் நற்பேறு என்று அதில் இருந்தது. நற்பேறு என்பதற்கு எந்த ‘ற’ என்று நான் கேட்டேன். அந்த ஒரு தடவை மட்டும் அவர் சிரித்தார். எங்காவது நேர்முகத் தேர்வுக்குப் போனால் காட்டுங்கள் என்று அப்பா மிஸ்ஸிடம் சொன்னார். மிஸ் நின்றபடியே முழுவதையும் படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்து, எழுத்து நன்றாக இருக்கிறது என்றார்.

டீ வந்தது. அப்பா கடைசியில் உட்கார்ந்தார். மிஸ் அவரிடம் பாய்லர் தண்ணீரை ஏன் சோதிக்கிறீர்கள் என்று கேட்டார். பிறந்ததிலிருந்து அந்தப் புகைபோக்கியைப் பார்த்து வளர்ந்தவர், உள்ளே ஒருநாளும் போனதில்லையாம். அப்பா சிலிக்கா, பிபிஎம் என்று ஆரம்பித்தார். மிஸ் நடுவில் நிறுத்தி நிறுத்தி, அப்படின்னா என்ன ஆகும் சார், அதைத் தொட்டா எப்படி இருக்கும் சார் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்பா தடுமாறினார், திணறினார், பிறகு டீ டம்ளரின் அடியில் படிந்திருந்த தூளைக் காட்டி, தண்ணீரில் இருக்கிற சிலிக்கா ஆவியில் கலந்து போய் டர்பைனில் இப்படித்தான் படிந்துகொள்ளும், ஆனால் கண்ணாடி மாதிரி, சுரண்டினாலும் வராது என்றார். இப்ப புரியுது சார் என்றார் மிஸ். அப்பா முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

மிஸ் நம் பள்ளிக்குத் திரும்பி வரவில்லை. ஜனவரிவரை நமக்குக் கெமிஸ்ட்ரிக்கு ஆள் இல்லை. மிஸ் மூன்றாவது தடவை தேர்வு எழுதித் தேறி, இன்று விழுப்புரம் பக்கம் அரசுப் பள்ளியில் பெர்மனென்ட் டீச்சர். அப்பா எழுதிய காகிதம் அதற்கு உதவியதா என்றால், இல்லை. அந்தத் தேர்வுக்கெல்லாம் யாரும் கடிதம் கேட்பதில்லை. அப்பா ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். கெமிஸ்ட்ரி வேண்டாம் என்று பதினொன்றாவதில் காமர்ஸ் எடுத்தவர்கள் நம்மில் பதினாறுபேர். அதில் எத்தனைபேர் அந்த நாலு வாரத்தால் போனீர்கள் என்று எனக்குத் தெரியாது. அப்படி யாராவது இருந்தால், மன்னித்துக்கொள்ளுங்கள்.

என் தோழி காலாண்டில் தேறினாள், முழுஆண்டிலும் தேறினாள், முந்திரி உடைக்கப் போகவில்லை. கடலூரில் ஒரு மருத்துவமனை லேபில் வேலை பார்க்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். இதை எழுதுவதற்கு முன்னால் அவளுக்கு மட்டும் போன் செய்து, கடிதம் கொடுத்தது என் அப்பாதான் என்று சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. அன்றைக்கே தெரியும் என்றாள். அப்பா கடிதத்தோடு வந்தபோது சாக்பீஸ் வாங்க அவள் ஆபீஸ் அறை வாசலில் நின்றிருந்தாளாம், அவர் என் பெயரைச் சொன்னது கேட்டதாம். தெரிந்தும் எப்படிடி எங்கள் வீட்டுக்குப் பாடம் கேட்க வந்தாய் என்று கேட்டேன்.

“நானா வரல. மிஸ்தான் போகச் சொன்னாங்க. லெட்டர் யாருதுன்னு அவங்களுக்கும் தெரியும். ‘அவங்க அப்பா கெமிஸ்ட்ரி நல்லாத் தெரிஞ்சவரு. இப்ப என்னால உனக்குப் பழைய மாதிரி சொல்லித்தர முடியல. நீ பெயிலாயிடக் கூடாது. தயங்காம போயி அவருகிட்ட கேளு’ன்னாங்க.”

லைனில் இருக்கிறாயா என்று கேட்டாள். இருக்கிறேன் என்றேன்.